சேலையூரில் பிறந்த மீன்கள்

1989 ஜூன் 4, ஞாயிற்றுக்கிழமை, மாலை நாலு மணி நாற்பது நிமிடம். கத்திரி முடிந்து ஒரு வாரம் ஆகியும் வெயில் இறங்கவில்லை. மேற்கே ஒரு கறுப்புத் திட்டு இருந்தது. பெய்கிற மேகமாகத் தெரியவில்லை. சேலையூரில் என் வீட்டு வாசலில் ஒரு டெம்போ வந்து நின்றது. மாடிப் போர்ஷனுக்குக் குடிவருகிறவரின் சாமானாக இருக்கும் என்று எழுந்து போய்ப் பார்த்தேன். கட்டில் இல்லை, பீரோ இல்லை. பதினோரு நீல நிற பிளாஸ்டிக் டிரம்கள் இருந்தன. அவற்றுக்கு நடுவிலிருந்து புதுக் குடித்தனக்கார அம்மாள் இறங்கினார்.

"என்னம்மா இது?"

"கடல் தண்ணி சார். கோவளத்துல பிடிச்சது. மாடிக்குப் போகணும். நீங்க அந்த கேட்டைக் கொஞ்சம் பிடிச்சுக்கோங்க."

நான் கேட்டைப் பிடித்துக்கொண்டேன். பதினோரு டிரம்மும் என்னைத் தாண்டி மேலே போன பிறகுதான், வாடகை வீட்டுக்குள் கடல் தண்ணீர் கொண்டு வரலாமா என்று அவர் என்னைக் கேட்கவே இல்லை என்பது உறைத்தது. அடுத்த மூன்றரை வருடமும் அப்படித்தான் போயிற்று. அந்த அம்மாள் யாரையும் எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. சொல்லுவார். சொல்லும்போது காரியம் பாதி முடிந்திருக்கும்.

டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் டிரங்க் ஆபரேட்டர். நாற்பத்திரண்டு வயது, தனி ஆள். சின்ன உருவம், குரல் மட்டும் பெரியது. ஊர் ஊராகக் கூப்பிட்டு, "லைன்ல இருங்க, பேசுங்க, மூணு நிமிஷம் ஆச்சு" என்று சொல்லிப் பழகிய குரல். எதிரில் இருப்பவர் கலெக்டரா காய்கறிக்காரரா என்று அந்தக் குரலுக்குத் தெரியாது. தெரிந்தாலும் ஏறி இறங்காது.

மாடியில் மூன்று கண்ணாடித் தொட்டிகள் வந்துவிட்டன என்பது, ஒரு நாள் காலையில் என் தலைக்கு மேலே ஏதோ இழுபடும் சத்தம் கேட்டபோதுதான் எனக்குத் தெரிந்தது. நான் கணக்கு எழுதியே ஓய்வு பெற்றவன். தண்ணீரின் எடையைப் போட்டுப் பார்த்தேன். கடல் தண்ணீருக்குக் கொஞ்சம் கூடுதலாகவும் போட்டேன். அறுநூறு கிலோவைத் தாண்டியது. அது என் படுக்கைக்கு நேர் மேலே இருந்தது. செருப்பைக் கூடப் போடாமல் மாடிக்கு ஓடினேன்.

"சார், வாங்க. உங்களைத்தான் கூப்பிடணும்னு இருந்தேன்" என்றார். "உங்க பீம் இப்படிக் குறுக்கால ஓடுது. சுத்தியலால தட்டிப் பார்த்துட்டேன். மூணு தொட்டியும் பீம் மேலதான் வெச்சிருக்கேன். நீங்க மட்டும் உங்க கட்டிலை ரெண்டடி தள்ளிப் போட்டுக்கோங்க."

கட்டிலைத் தள்ளிப் போட்டேன்.

உப்புக் காற்று பட்டால் கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி துருப்பிடிக்கும் என்று எனக்குக் கவலை. கறிவேப்பிலை மரத்துக்கு உப்புத் தண்ணீர் போகுமோ என்று இன்னொரு கவலை. இரண்டையும் சொன்னேன். பழைய தண்ணீரை டிரம்மில் பிடித்துத் தெருச் சாக்கடையில்தான் ஊற்றுவதாகவும், கம்பிக்காக உள்சுவரில் இரண்டு கோட் எனாமல் அடித்துவிட்டதாகவும் சொன்னார். எனாமலின் நிறம் ஊதா. அதையும் என்னைக் கேட்கவில்லை.

மீன்கள் இரண்டு. மண்டபத்தில் இருந்த அவருடைய அக்கா வீட்டுக்காரர், பாலித்தீன் பையில் போட்டு ராமேஸ்வரம் ரயிலில் கொடுத்தனுப்பியது. கருஞ்சாக்லேட் உடம்பு, அதில் இரண்டு வெள்ளைப் பட்டை, மஞ்சள் வால். கோமாளி மீன் என்று பெயராம். கடல் சாமந்தி என்று ஒரு பிராணி இருக்கிறது. பார்த்தால் பூ மாதிரி இருக்கும், தொட்டால் கொட்டும். மற்ற மீன் கிட்டப் போனால் செத்துப் போகும். இவை இரண்டும் அதன் மடியிலேயே குடித்தனம் நடத்தின. பெரியது மனைவி, சின்னது கணவன். சாமந்திக்குப் பக்கத்தில் ஒரு மண் ஓட்டைச் சாய்த்து வைத்திருந்தார். மனைவி அதில் முட்டை ஒட்டிவிட்டுப் போய்விடும். கணவன்தான் எட்டு நாளும் பக்கத்திலேயே நின்று, துடுப்பால் விசிறி, வாயால் துடைத்து, அழுகிய முட்டையைப் பொறுக்கி எடுக்கும்.

என் மனைவி அதைப் பார்ப்பதற்கென்றே மாடிக்குப் போவாள். இறங்கி வரும்போது என்னை ஒரு பார்வை பார்ப்பாள். "ரெண்டு புள்ள பெத்தேன். ஒரு நாள் விசிறியிருப்பீங்களா?"

ஒரு ஆடியில் அந்தப் பெரிய மீன் செத்துப் போயிற்று. மாடிப்படியில் அவரைப் பார்த்து, வருத்தமாக இருக்கிறது என்றேன். ஒற்றை மீனை வைத்துக்கொண்டு இனி இந்த வேலையை விட்டுவிடுவார், டிரம்மெல்லாம் இறங்கும் என்று உள்ளுக்குள் ஒரு நிம்மதியும் இருந்தது. இரண்டு மாதம் கழித்து அதே படியில் நிறுத்திச் சொன்னார்:

"சார், நம்ம ஆளு பொம்பளையா மாறிட்டான்."

"யாரு?"

"சின்னவன். பெரியவ போயிட்டா இல்ல? இந்த ஜாதியில அப்படித்தான். வீட்டம்மா போனா வீட்டுக்காரன் வீட்டம்மா ஆயிடுவான். வேற ஒரு சின்னப் பையன மண்டபத்துலேர்ந்து வரச் சொல்லியிருக்கேன். நாளைக்குக் காலம்பர ரயில். ஸ்டேஷனுக்கு ஸ்கூட்டர்ல கொண்டு விட்டுடுங்க."

அன்று இரவு என் மனைவியிடம் இதைச் சொன்னபோது அவள் வெகுநேரம் சிரித்தாள். பிறகு, "அதுவும் யாரையும் கேக்கல பாருங்க" என்றாள்.

முட்டை வைப்பது பெரிய காரியமில்லை. குஞ்சுதான் தங்கவில்லை. விளக்கை அணைத்து இருட்டாக்கிய பிறகுதான் முட்டை வெடிக்கும். வெளியே வருவது மீன் மாதிரியே இருக்காது; ஒரு கண்ணாடி நூல், அதில் இரண்டு கண். அதன் வாய்க்குள் போகிற தீனி நம் கண்ணுக்குத் தெரியாது. முட்டுக்காட்டுக் கழிமுகத் தண்ணீரைப் பழைய நைலான் புடவையில் வடிகட்டி, அதில் கிடைத்த பூச்சியை, பாசி பிடித்துப் பச்சையான கடல் தண்ணீரில் வளர்த்தார். பச்சைத் தண்ணீர் வெயிலில் வளர வேண்டும் என்பதால் என் மொட்டை மாடியில் ஊறுகாய் ஜாடிகள் வரிசையாக நின்றன. இருபத்தாறு.

யாரோ எழுதிப் போட்டு, ஒரு நாள் சுகாதார இன்ஸ்பெக்டர் வந்துவிட்டார். கொசு வளர்க்கிறோம் என்று புகார். எனக்கு வேர்த்துவிட்டது, வீடு என் பேரில். அந்த அம்மாள் ஒரு ஜாடியை அவர் கையில் கொடுத்தார்.

"நாக்குல ஒரு சொட்டு விட்டுப் பாருங்க சார்."

"எதுக்கும்மா?"

"உப்பு. இந்த உப்புல உங்க கொசு பொழைக்காது. பாத்துட்டீங்கன்னா கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க. வடக்குத் தெருவுல ஒரு கிணறு மூடாம கிடக்கு, அதையும் பாத்துடுங்க."

இன்ஸ்பெக்டர் நாக்கில் விட்டுப் பார்த்தார். வடக்குத் தெருவுக்கும் போனார்.

பதினைந்து நாளுக்கு ஒரு ஈடு முட்டை. ஒவ்வொரு ஈடும் மூன்றாம் நாளோ ஐந்தாம் நாளோ முடிந்துவிடும். ஒரு முறை தீனிப் பூச்சி ஒரே நாளில் செத்தது. ஒரு முறை காற்றுக் குமிழி பலமாகிக் குஞ்சுகளை அடித்துவிட்டது. மின்வெட்டில் போனவைதான் அதிகம். மறுநாள் காலை ஷிப்டுக்குப் போகும்போது என் ஈஸிசேர் பக்கம் நின்று ஒரு வரி சொல்லுவார்.

"லைன் கட் ஆயிடுச்சு சார். மறுபடி போடணும்."

அழுது நான் பார்த்ததில்லை. "எதுக்கும்மா இந்தப் பாடு? வேணும்னா மண்டபத்துலேர்ந்து இன்னும் நாலு வாங்கிக்கலாமே" என்று ஒரு முறை கேட்டுவிட்டேன்.

"அது பிடிச்ச மீன் சார். எனக்கு வேண்டியது கடலையே பாக்காத ஒரு கடல் மீன். சேலையூர்லயே பொறந்து சேலையூர்லயே பட்டை போடணும். ஒண்ணு போதும். ஒண்ணு வந்துட்டா நான் செஞ்சேன்னு எனக்குத் தெரியும்."

குஞ்சு பிழைத்துவிட்டது என்பதற்கு அடையாளம் அந்தப் பட்டைதான். பத்து நாள் தாண்டினால் கண்ணாடி நூல் கறுத்து, கழுத்தில் வெள்ளையாக ஒரு கோடு விழும். அதற்குப் பிறகு சுலபத்தில் சாகாது. இருபத்தெட்டு ஈடு போயிற்று. ஒன்றுகூடக் கோடு வரை வரவில்லை.

92 டிசம்பரில் அவருக்கு மாற்றல் உத்தரவு வந்தது. எக்ஸ்சேஞ்ச் எல்லாம் எலக்ட்ரானிக் ஆகிவிட்டது; ஜனங்கள் தாங்களே எண்ணைச் சுழற்றி வெளியூருக்குப் பேசத் தொடங்கிவிட்டார்கள். ஆபரேட்டர்களைக் கலைத்து ஊர் ஊராக அனுப்பினார்கள். இவருக்கு தர்மபுரி. ஜனவரிக் கடைசிக்குள் அங்கே சேர வேண்டும்.

"தர்மபுரியில கடல் தண்ணிக்கு எங்க போவீங்க?" என்று என் மனைவி கேட்டாள்.

"போக முடியாது அக்கா. இந்த ஈடுதான் கடைசி."

அந்தக் கடைசி ஈடு ஜனவரி 3ஆம் தேதி பொரித்தது. ஐந்தாம் நாள் தாண்டியது. ஏழாம் நாளும் தாண்டியது. நான் காலை பேப்பரை எடுப்பதற்கு முன்னால் மாடியை அண்ணாந்து பார்க்க ஆரம்பித்தேன். அவர் பால்கனியில் நின்று விரலைக் காட்டுவார்: எட்டு. அப்போதுதான் எனக்குக் காலண்டர் நினைவுக்கு வந்தது. பத்தாம் நாள், 13ஆம் தேதி, போகி.

முந்தின வருடப் போகியில் ஒரு ஈடு அப்படித்தான் போயிருந்தது. தொட்டிக்குக் காற்று விடும் சின்ன மோட்டார் அறையில் உள்ள காற்றைத்தான் இழுக்கும். தெருவில் விடியற்காலையில் டயர் எரிந்தால் புகை ஜன்னல் இடுக்கில் நுழையும். மோட்டார் அந்தப் புகையையே தண்ணீருக்குள் ஊதும். ஒரு மணி நேரத்தில் எல்லாம் அடியில் கிடந்தன.

இந்த முறை திங்கட்கிழமையே தெருவில் இறங்கிவிட்டார். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று, "புதன்கிழமை போகிக்கு நம்ம தெருவுல டயர் கொளுத்தறதில்லை. பாய், துடைப்பம் எது வேணா போடுங்க. டயர் வேண்டாம்" என்று அறிவித்தார். எதிர்வீட்டு அம்மாள், "ஏன், உன் மீனுக்கு இருமல் வந்துடுமா?" என்று கேட்டாள். மூலைக் கடை வாசலில் மேளம் வைத்துக்கொண்டிருந்த பையன்கள் இன்னும் மோசம். "அக்கா, வறுக்கறதுன்னா சொல்லு, நெருப்பு ரெடியா கீது!"

என் ஞாபகத்தில், அவர் சொல்லி நடக்காமல் போன முதல் காரியம் அது. ஆனாலும் அவர் கலங்கவில்லை. மின்வெட்டுக்கென்று அவர் ஒரு வழி வைத்திருந்தார். கேம்ப் ரோட்டு பஞ்சர் கடையில் பழைய லாரி டியூப் மூன்று வாங்கி, ஒட்டுப் போட்டு, காற்றடித்து மாடிப்படிக்குக் கீழே சாய்த்து வைத்திருப்பார். கரண்ட் போனால் டியூபின் வாயில் ஆஸ்பத்திரி டிரிப் குழாயை மாட்டி, அதன் சக்கரத்தைத் திருகிக் காற்றைச் சொட்டுச் சொட்டாகத் தொட்டிக்குள் விடுவார். போகிக்கும் அதே வழி. விடியற்காலை மூன்றரைக்கு மோட்டாரை நிறுத்திவிடுவது. ஜன்னலுக்கு ஈரச் சாக்கு. புகை அடங்கும் வரை டியூபில் இருக்கும் நேற்றைய காற்று.

செவ்வாய்க்கிழமை மாலை ஆறு மணிக்கு வேலையிலிருந்து வந்தவர், படிக்குக் கீழே குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார்.

"சார், டியூப் எங்க?"

நான் என் மனைவியைப் பார்த்தேன். காலையிலிருந்து அவள் வீட்டை ஒழித்துக்கொண்டிருந்தாள். பழையது ஒன்றும் வீட்டில் தங்கக் கூடாது என்று பரண், கொல்லை, படிக்கட்டு எல்லாவற்றையும் காலி செய்து, வாசலில் வந்து கேட்ட பையன்களிடம் வாரிக் கொடுத்துவிட்டாள்.

"ஒட்டுப் போட்ட டியூப்புதானே, குப்பைன்னு நெனச்சேன்…" என்றாள். பையன்களின் குவியலில் போய்ப் பார்த்தேன். மூன்றையும் அடுக்க வசதியாக வெட்டிப் போட்டிருந்தார்கள். பஞ்சர் கடைக்காரர் பொங்கலுக்கு ஊருக்குப் போய்விட்டார். ஸ்கூட்டரில் கிழக்குத் தாம்பரம் வரை போய் வந்தேன். ஒரு டியூப்கூடக் கிடைக்கவில்லை.

நான் திரும்பி வந்தபோது மணி ஏழே முக்கால். அவர் வீட்டில் இல்லை. என் மனைவி வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள்.

"எங்க போனாங்க?"

"உங்க சித்தப்பா மகன் வீட்டுக்கு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவன் என் பங்காளி, அடுத்த மனைக்காரன். மணல் லாரி ஓட்டுகிறான். எங்கள் இரண்டு மனைக்கும் நடுவில் நான் கட்டிய மதில், அவன் பக்கம் ஒன்றரை அடி தள்ளி வந்துவிட்டது என்பது அவன் கட்சி. இல்லை என்பது என் கட்சி. பதினோரு வருடமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. அவன் வீட்டுக் கல்யாணத்துக்கு நான் போகவில்லை. என் அம்மா காரியத்துக்கு அவன் வந்து, சாப்பிடாமல் போனான்.

எட்டேகாலுக்கு ஒரு சத்தம். கேட்டுக்கு வெளியே லாரியின் ஸ்டெப்னி சக்கரம் உருண்டு வந்தது. ஒரு பக்கம் லோடு ஆள், மறுபக்கம் என் பங்காளி. பின்னால் அந்த அம்மாள் டிரிப் குழாயைக் கையில் சுற்றிக்கொண்டு வந்தார்.

"கேட்டைப் பிடிச்சுக்கோங்க சார்."

பிடித்துக்கொண்டேன். பதினோரு வருடத்துக்குப் பிறகு என் பங்காளி என் வீட்டுக்குள் கால் வைத்தான். சக்கரத்தைப் படியில் சாய்த்து வைத்துவிட்டு மூச்சு வாங்கினான்.

"இன்னா அண்ணாத்தே, செவுத்த வுட்டுக் குட்த்துட்டியாமே" என்றான். "பொங்கல் கழிச்சு இட்ச்சு தள்ளிக் கட்டலாம்னு இந்தம்மா சொல்லிச்சு. நெசமா?"

நான் அந்த அம்மாளைப் பார்த்தேன்.

"சார், உங்ககிட்ட சொல்லணும்னுதான் வந்தேன்" என்றார். "இவர் ஸ்டெப்னி தர மாட்டேன்னார். உங்க வீட்டுக்கு ஒரு ஆணிகூடத் தர மாட்டாராம். அதனால நீங்க செவுத்தை விட்டுட்டீங்கன்னு சொல்லிட்டேன். மேல நூத்துச் சொச்சம் உயிர் இருக்கு."

எனக்கு வாயில் வார்த்தை இருந்தது. என் வீடு, என் மதில், என் பத்திரம். அந்த அம்மாளுக்கு இதில் என்ன அதிகாரம்? ஆனால் நான் வாயைத் திறப்பதற்குள் உள்ளேயிருந்து என் மனைவியின் குரல் வந்தது.

"ஆமாம்ப்பா, விட்டாச்சு. அவரே சொல்லிட்டார். சக்கரத்தத் தூக்கு, நேரமாவுது."

பங்காளி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். மாடியில் மோட்டார் கிர்ரென்று ஓடும் சத்தம் கேட்டது. நான் குனிந்து சக்கரத்தின் ஒரு பக்கத்தைப் பிடித்தேன்.

"ஒண்ணரை அடிதான். அதுக்கு மேல ஒரு அங்குலம் கிடையாது" என்றேன்.

"அய்ய, நா இன்னா மூணடியா கேட்டேன்?" என்றான். மூன்று பேரும் சேர்ந்து பதினெட்டுப் படியும் தூக்கினோம்.

விடிவதற்கு வெகுநேரம் முன்பே மேளம் ஆரம்பித்துவிட்டது. பிறகு டயர் வாசனை. தெரு முழுக்கக் கறுப்பாகிவிட்டது, எதிர்வீடு தெரியவில்லை. மாடி அறையில் ஜன்னல்களுக்கு ஈரச் சாக்கு, கதவு இடுக்கில் அவருடைய போர்வை. ஒரு மூலையில் ஸ்டெப்னி படுத்திருந்தது. அதன் வால்வை அரைச் சுற்றுத் தளர்த்திக் குழாயை மாட்டியிருந்தார். தொட்டியின் பக்கங்களில் கறுப்புக் காகிதம். மேலே இருந்து மட்டும் ஒரு சின்ன பல்பு. தண்ணீருக்குள் குமிழி ஒவ்வொன்றாக ஏறியது. நான், என் மனைவி, அவர் மூன்று பேரும் தரையில் உட்கார்ந்திருந்தோம். பங்காளி கதவுக்கு வெளியே படியில் உட்கார்ந்து பீடியைப் பற்ற வைக்கப் போனான்.

"அதை அணைங்க" என்று உள்ளேயிருந்து சொன்னார். அணைத்தான்.

எட்டரைக்குப் புகை கலைந்தது. சாக்கை எடுத்தார். தொட்டியின் அடியில் நிறைய வெள்ளைத் தூசி மாதிரி கிடந்தன, முக்கால்வாசி போய்விட்டன. அவர் தொட்டியின் மேலே குனிந்துகொண்டே இருந்தார். பிறகு என் மனைவியின் கையைப் பிடித்து இழுத்தார்.

"அக்கா, அந்த மூலையில பாருங்க. கழுத்துல."

எள்ளைவிடக் கொஞ்சம் பெரிய கறுப்பு உடம்பு ஒன்று குமிழிக்குப் பக்கத்தில் எதிர்நீச்சல் போட்டுக்கொண்டிருந்தது. கழுத்தில் நகத்தால் கீறினது போல ஒரு வெள்ளைக் கோடு. பங்காளியும் உள்ளே வந்து எட்டிப் பார்த்தான். "தம்மாத்தூண்டு. இதுக்கா அண்ணாத்தே செவுத்த வுட்ட?" என்றான்.

அந்த அம்மாள் அப்போதுதான் தரையில் உட்கார்ந்தார். முகத்தை முந்தானையில் புதைத்துக்கொண்டார். தோள் குலுங்கியது. ஒரு நிமிடம்தான். எழுந்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, "சார், தீனி நேரம். கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றார்.

தர்மபுரிக்குக் கிளம்புகிற நாளில் பட்டை போட்ட குஞ்சுகளையெல்லாம் ஒரு வண்ண மீன் கடைக்காரர் வந்து எடுத்துப் போனார். கடல் தண்ணீர் வைத்துப் பராமரிக்கத் தெரிந்தவர். அந்த அம்மாள் காசு வாங்கவில்லை. ஒவ்வொரு பையிலும் ஸ்கெட்ச் பேனாவால் 'சேலையூர்' என்று எழுதிக் கொடுத்தார். பிறகு சாவியை என் கையில் வைத்து, ஊதா எனாமலை மாற்ற வேண்டாம், நன்றாகத்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டு ஆட்டோ ஏறினார். தர்மபுரியிலிருந்து இரண்டு பொங்கலுக்கு வாழ்த்து வந்தது, பிறகு இல்லை.

மாசி மாதம் மதிலை இடித்துத் தள்ளிக் கட்டினோம். கட்டுகிற செலவைப் பங்காளியே ஏற்றுக்கொண்டான். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. என் பக்கத்தில் போனது நிலம் மட்டும்தான். ஒன்றரை அடி அகலம், முப்பத்தெட்டு அடி நீளம், ஐம்பத்தேழு சதுர அடி. அப்போது எங்கள் தெருவில் சதுர அடி நூற்றுப் பத்து ரூபாய். ஆறாயிரத்து இருநூற்று எழுபது. கடைக்காரர் எடுத்துப் போன மீன்கள் பத்தொன்பது. வகுத்துப் பார்த்தேன், மீதி இல்லாமல் வந்தது: மீன் ஒன்றுக்கு முந்நூற்று முப்பது ரூபாய்.